முன்பே யாராவது புகார் கொடுத்தார்களா?

2015 ஜூலையில் அயர்லாந்து அரசு ஓர் இழப்பீட்டுத் திட்டத்தை விரிவுபடுத்தி அறிவித்தது. சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரால் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, அதற்காக வழக்குப் போட்டு, பாதியில் கைவிட்டவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். அதிகபட்சமாக 84,000 யூரோ கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு நிபந்தனை. அந்த ஆசிரியர் மீது முன்பே வேறு யாராவது பள்ளி நிர்வாகத்திடம் புகார் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்கள் என்பதற்கு ஆதாரத்தையும் விண்ணப்பதாரர்தான் கொண்டுவர வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். 1965இல் எட்டு வயதுப் பையன். அவனுக்கு முன்னால் அதே வகுப்பறையில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையனின் அம்மா, 1963இல் பங்குத்தந்தையின் வீட்டுக்குப் போய்க் கண்ணீரோடு ஏதோ சொல்லியிருக்கலாம். அந்தப் பங்குத்தந்தை போய்ச் சேர்ந்துவிட்டார், அந்த அம்மாவும் போய்விட்டார். எழுதி வைக்கும் வழக்கமே இல்லாத காலம் அது. எழுதியிருந்தாலும் காகிதம் யாரிடம் இருக்கும்? புகாரை வாங்கி மூடிப்போட்ட நிர்வாகத்திடம். அதற்கான சான்றை ஐம்பது வருடம் கழித்து அந்தப் பையன் கொண்டுவர வேண்டுமாம்.

பள்ளிக் கொடுமைகளுக்குப் பொறுப்பு கேட்டு அயர்லாந்தின் முன்னாள் மாணவர்கள் நடத்திவரும் போராட்டம் அரை நூற்றாண்டைத் தாண்டியது. அதன் சாரம் முழுவதும் இந்த ஒரு நிபந்தனைக்குள் அடங்கிவிடுகிறது. செய்தவர் யார் என்பதில் பெரும்பாலும் யாருக்கும் சந்தேகமில்லை. யாருக்குத் தெரியும், எப்போது தெரியும், தெரிந்தவர் அடுத்து என்ன செய்தார்? சண்டை இதில்தான். இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் முன்னாள் மாணவர்கள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அதைத் திருப்பி அவர்களிடமே கேட்டார்கள்.

டண்டரோ பள்ளிக்கூடம்

கார்க் மாவட்டத்தில், கின்சேல் என்ற கடலோர ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது டண்டரோ. அங்கே ஒரு சின்ன தொடக்கப்பள்ளி. அங்கே படித்த சிறுமி லூயிஸ் ஓ'கீஃபுக்கு 1973இல் எட்டு வயது. தலைமை ஆசிரியர் தன் வகுப்பறையிலேயே தனியாக இசைப் பாடம் நடத்துவார். அந்த வருடம் ஜனவரி முதல் ஆண்டின் நடுப்பகுதி வரை அந்தப் பாடங்களில் அவர் அந்தக் குழந்தையிடம் பலமுறை பாலியல் வன்முறையில் ஈடுபட்டார்.

இதற்கு இரண்டு வருடம் முன்பே, 1971இல், வேறொரு மாணவியின் தாய் பங்குத்தந்தையிடம் போய், அந்தத் தலைமை ஆசிரியர் தன் மகளிடம் இப்படி நடந்துகொண்டார் என்று சொல்லியிருக்கிறார். பள்ளியை நடைமுறையில் நிர்வகித்தவர் அந்தப் பங்குத்தந்தைதான். அவர் அதைக் காவல்துறையிடமும் சொல்லவில்லை, கல்வித்துறையிடமும் சொல்லவில்லை. 1969 முதல் 1973 வரை கல்வித்துறையின் ஆய்வாளர் அந்தப் பள்ளிக்கு ஆறு முறை வந்துபோனார். பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்தார். இந்த விஷயம் அவர் காதுக்கு எட்டவேயில்லை.

1973இல் இன்னும் சில பெற்றோர்கள் கிளம்பிவிட்டார்கள். பங்குத்தந்தை தலைமையில் கூட்டம் நடந்தது. தலைமை ஆசிரியர் ராஜினாமா செய்தார். கல்வித்துறைக்குப் போன தகவல் அவ்வளவுதான், ராஜினாமா. அவர் வேறொரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். 1995இல் ஓய்வு பெறும் வரை அங்கே பாடம் நடத்தினார். அந்த இருபத்துச் சொச்சம் வருடமும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது அரசுதான்.

1995இல் டண்டரோவின் முன்னாள் மாணவி ஒருவர் காவல்துறைக்குப் போனார். விசாரித்தபோது மற்றவர்களும் பேசினார்கள். மொத்தம் 21 மாணவிகள், 386 குற்றச்சாட்டுகள். 1998இல் மாதிரிக்கு எடுக்கப்பட்ட 21 குற்றச்சாட்டுகளை அந்த ஆசிரியர் ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். எந்த ஊரிலும் கதை இத்தோடு முடிந்துவிடும். ஓ'கீஃப் விடவில்லை. என்னை அந்த வகுப்பறையில் உட்காரவைத்தது யார் என்று கேட்டு, அந்த ஆசிரியரோடு சேர்த்து அரசு மீதும் வழக்குப் போட்டார்.

இங்கே அயர்லாந்துப் பள்ளிகளின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளி தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கட்டடமும் நிர்வாகமும் சபையுடையது. தாளாளர் பங்குத்தந்தை, அவருக்கு மேலே ஆயர். ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள். சம்பளம் அரசு கஜானாவிலிருந்து. பாடத்திட்டமும் ஆய்வும் கல்வித்துறை. அயர்லாந்தில் இது ஏதோ சில பள்ளிகளின் கதையில்லை. நாட்டின் தொடக்கப்பள்ளிகள் அநேகமாக எல்லாமே இப்படித்தான் நடந்தன. ஊர்க்குழந்தைக்கு வேறு பள்ளி கிடையாது.

ஆகவே நீதிமன்றத்தில் அரசின் வாதம் தயாராக இருந்தது. சம்பளம் நாங்கள் கொடுத்தோம், ஆனால் அவர் எங்கள் ஊழியர் இல்லை. புகார் இருந்தால் தாளாளரிடம் கொடுத்திருக்க வேண்டும். வழக்கும் சபை மீதுதான் போட்டிருக்க வேண்டும். உயர் நீதிமன்றம் இதை ஏற்றது. அந்த ஆசிரியர் மட்டும் சுமார் 3,05,000 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அவர் மாதம் 400 யூரோ வீதம் தவணை கட்டினார். அந்தக் கணக்கில் முழுத் தொகையும் அடைய அறுபது வருடத்துக்கு மேல் ஆகும். 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அரசுக்குப் பொறுப்பில்லை என்றது.

அந்தத் தீர்ப்பின் மை காய்வதற்குள் அரசு செய்த காரியத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இதேபோல வழக்குப் போட்டிருந்த 135 முன்னாள் மாணவர்களுக்கு அரசின் வழக்கு முகமை கடிதம் அனுப்பியது. வழக்கை வாபஸ் வாங்குங்கள், இல்லையென்றால் எங்கள் வழக்குச் செலவையும் உங்களிடமிருந்தே வசூலிப்போம் என்பது அதன் சாரம். பலர் பயந்து விலகினார்கள். ஓ'கீஃபுக்கும் வீடே கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வருடக்கணக்கில் இருந்தது. இருந்தும் அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

2014 ஜனவரி 28. ஸ்ட்ராஸ்பர்க்கில் பதினேழு நீதிபதிகள் கொண்ட பேரமர்வு, 11க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள் நாட்டில் நடக்கின்றன என்பது, 1930களிலிருந்தே நடந்த வழக்குகள் வழியாக அரசுக்குத் தெரியும். தெரிந்தும் குழந்தைகளைத் தன் கட்டுப்பாட்டில் இல்லாத நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு, புகார் தன்னிடம் வந்து சேர ஒரு வழிகூட வைக்காமல் இருந்தது அரசின் தவறு. புகார் வரவில்லை என்று அரசு சொன்னபோது, வருவதற்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்டதாகவே இதைப் படிக்க முடியும்.

இந்தத் தீர்ப்பை அமல்படுத்துவதற்காக வந்ததுதான் நாம் முதலில் பார்த்த இழப்பீட்டுத் திட்டம்! புகார் வர வழி வைக்காதது உன் குற்றம் என்று நீதிமன்றம் சொன்னது. சரி, அப்படியானால் முன்பே புகார் வந்ததற்குச் சான்று கொண்டுவருபவர்களுக்கு மட்டும் தருகிறோம் என்று அரசு புரிந்துகொண்டது. புரிந்துகொண்டதா, புரிந்துகொள்ள விரும்பவில்லையா என்பதை வாசகர்களே முடிவுசெய்யலாம். குற்றம் செய்தவர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற பிறகும், முந்தைய புகார் இல்லை என்ற காரணத்தால் லிமெரிக் நகரத்து முன்னாள் மாணவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2019இல் ஓய்வு பெற்ற நீதிபதி இயர்லா ஓ'நீல், நிராகரிக்கப்பட்டவர்களின் மேல்முறையீடுகளைப் பரிசீலித்து, இந்த நிபந்தனை தர்க்கத்தையே தலைகீழாக்குகிறது, அநியாயமானது என்று எழுதினார். அந்த ஜூலையில் பிரதமர் லியோ வரத்கர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஓ'கீஃப் வழக்குத் தொடுத்து அப்போது இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது.

சொன்னவர்களுக்கு என்ன ஆனது

முன்பே யாராவது சொன்னார்களா என்ற கேள்விக்கு, உண்மையில், விடை உண்டு. சொன்னார்கள். பீட்டர் டிரெல் சொன்னார்.

1916இல் கால்வே மாவட்டத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வறுமையைக் காரணம் காட்டி நீதிமன்றம் 1924இல் அவரையும் அவருடைய சகோதரர்களையும் லெட்டர்ஃபிராக் தொழிற்பள்ளிக்கு அனுப்பியது. கிறிஸ்தவ சகோதரர்கள் சபை நடத்திய பள்ளி அது. தொழிற்பள்ளி என்றதும் ஐ.டி.ஐ. போல எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏழைக் குழந்தைகளையும் தாய்தகப்பன் இல்லாதவர்களையும் பதினாறு வயது வரை அடைத்து வைத்த விடுதி அது. தலைக்கு இவ்வளவு என்று அரசு மானியம் கொடுக்கும். டிரெல் அங்கே தையல் கற்றார், எட்டு வருடம் அடி வாங்கினார். பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து இந்தியாவிலும் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டுப் போர்க்கைதி முகாமில் கிடந்தார். லெட்டர்ஃபிராக்கோடு ஒப்பிட்டால் அந்த முகாம் சொர்க்கம் என்று பின்னாளில் எழுதிவைத்தார்.

1950களில் அவர் கடிதம் எழுத ஆரம்பித்தார். சபையின் மேலிடத்துக்கு, அரசியல்வாதிகளுக்கு, கேட்பார்கள் என்று தோன்றிய எல்லோருக்கும். காது கொடுத்தவர் ஏறக்குறைய ஒரே ஒருவர்: பள்ளிகளில் பிரம்படியை எதிர்த்துப் பேசிவந்த மேலவை உறுப்பினர் ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டன். அவர் சொல்லித்தான் டிரெல் தன் வாழ்க்கையை எழுதி, அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பினார். 1967 ஏப்ரலில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் பூங்காவில் தீக்குளித்து இறந்த ஒருவரின் உடல் கிடைத்தது. அடையாளம் தெரியவில்லை. அருகில் கிழிந்த அஞ்சலட்டைத் துண்டில் ஸ்கெஃபிங்டன், டப்ளின் என்ற சொற்கள் மட்டும் மிச்சமிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போய், இறந்தவர் பீட்டர் டிரெல் என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அவர் எழுதிய கட்டு ஸ்கெஃபிங்டனின் காகிதங்களோடு தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டியர்முட் வீலன் என்ற வரலாற்றாய்வாளர் அதைத் தேடியெடுக்க, 2006இல் புத்தகமாக வந்தது.

நடுவில் 1999இல் மேரி ராஃப்டரி என்ற பத்திரிகையாளர் இந்தத் தொழிற்பள்ளிகளைப் பற்றி ஆர்டிஇ தொலைக்காட்சியில் எடுத்த தொடர் நாட்டை உலுக்கியது. கடைசிப் பகுதி ஒளிபரப்பாகும் அன்றே பிரதமர் பெர்டி ஆஹெர்ன் மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையம் வந்தது. ஆனால் ஆணையத்துக்குப் பொறுப்பான அமைச்சகம் எது? கல்வி அமைச்சகம். குற்றச்சாட்டில் அதற்கும் பங்குண்டு. முதல் தலைவரான நீதிபதி மேரி லஃபாய், அமைச்சகம் ஒத்துழைக்கவில்லை என்று 2003இல் விலகினார். கிறிஸ்தவ சகோதரர்கள் சபை வழக்குப் போட, கொடுமை செய்தவர்களின் பெயர்களை வெளியிடுவதில்லை என்று முடிவானது. 2009 மே மாதம் நீதிபதி ஷான் ரயன் தலைமையில் அறிக்கை வந்தபோது அது சுமார் 2,600 பக்கம் இருந்தது. கொடுமை எங்கோ ஓரிடத்தில் நடந்த விபத்தல்ல, அந்த அமைப்பின் இயல்பாகவே இருந்தது என்பதும், கல்வித்துறை சபைகளின் முன்னால் கைகட்டி நின்றது என்பதும் அதன் முடிவு.

அந்த வாரம் ஆர்டிஇ விவாத நிகழ்ச்சி ஒன்றில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு முதியவர் பேசினார். மைக்கேல் ஓ'பிரையன். க்ளான்மெல் நகரத்தின் முன்னாள் மேயர். ஆளுங்கட்சிக்காரர். மேடையில் உட்கார்ந்திருந்த அமைச்சர் நோயல் டெம்ப்சி அவர் கட்சிதான். தன் வீட்டில் எட்டுப் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனதையும், ஃபெரிஹவுஸ் தொழிற்பள்ளியில் சேர்ந்த ஓரிரு நாளில் தனக்கு நடந்ததையும் சொன்னார். ஆணையத்தின் முன் சாட்சி சொன்னபோது வக்கீல்கள் கூட்டம் தன்னைப் பொய்யன் என்று குறுக்கு விசாரணை செய்ததைச் சொன்னார். இன்றும் தூக்கத்தில் எழுந்து குதிக்கிறேன், கேளுங்கள் என்று பக்கத்தில் இருந்த மனைவியைக் காட்டினார். குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அமைச்சருக்குச் சொல்ல வார்த்தை இல்லை. 2,600 பக்கம் படிக்க நேரமில்லாத நாடு அந்தச் சில நிமிடங்களில் எல்லாவற்றையும் படித்துவிட்டது.

இழப்பீடு கொடுத்தார்கள், மறுக்கவில்லை. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் போனது. மொத்தச் செலவு சுமார் 150 கோடி யூரோ. ஆனால் 2002லேயே அரசு சபைகளோடு ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தது. 12.8 கோடி யூரோ மதிப்புக்குப் பணமாகவும் சொத்தாகவும் சபைகள் கொடுத்தால் போதும், மிச்சம் எவ்வளவு வந்தாலும் அரசின் தலையில். இன்னொன்றும் இருந்தது. இழப்பீடு வாங்கியவர் எவ்வளவு வாங்கினார், எதற்காக என்று வெளியே சொன்னால் அது சட்டப்படி குற்றம். வாயை மூடு என்று சிறுவயதில் சொல்லப்பட்டவர்களுக்கு, இம்முறை காசோலையோடு.

பணக்காரப் பள்ளிகளின் முறை

இதெல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்கு நடந்தது, நடுத்தர வர்க்கத்துக்கு அல்ல என்ற ஒரு நிம்மதி டப்ளினின் தெற்குப் பகுதியில் ரொம்ப நாள் இருந்தது. 2022 நவம்பரில் அதுவும் போனது. ஸ்பிரிட்டன் சபை நடத்தும் பிளாக்ராக் கல்லூரி, நாட்டின் அதிபராக இருந்த ஈமன் டி வலேரா படித்த இடம். ரக்பிக்கும் செல்வாக்குக்கும் பெயர் போனது. அங்கும் அதன் வில்லோ பார்க் பள்ளியிலும் படித்த மார்க் ரயன், டேவிட் ரயன் என்ற அண்ணன் தம்பி இருவர் ஆர்டிஇ வானொலியில் பேசினார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். இருவரும் பள்ளியில் பாதிரியார்களிடம் சிக்கியிருந்தார்கள். 2002 வரை ஒருவருக்கு நேர்ந்தது மற்றவருக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரின் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட பாதிரியார், காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் வாதாடி விசாரணையையே நிறுத்திவிட்டார்.

நிகழ்ச்சி வந்த சில நாட்களில் ஸ்பிரிட்டன் சபை தன் கணக்கைச் சொன்னது. தங்கள் சபையைச் சேர்ந்த 77 பேர் மீது 233 பேர் இதுவரை புகார் சொல்லியிருக்கிறார்கள், அதில் 57 பேர் பிளாக்ராக் வளாகத்தில் பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள். இந்தக் கணக்கில் என்னை நிறுத்தியது எண்ணிக்கையின் அளவு அல்ல. எண்ணிக்கை அவர்களிடம் தயாராக இருந்தது என்பதுதான். இழப்பீடும் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முன்னாள் மாணவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்க, மொத்தக் கோப்பும் ஒரே அலமாரியில் இருந்திருக்கிறது.

அரசு மேரி ஓ'டூல் என்ற மூத்த வழக்கறிஞரை நியமித்து முதற்கட்ட ஆய்வு நடத்தியது. 2024 செப்டம்பரில் வந்த அவருடைய அறிக்கையில், துறவற சபைகள் நடத்திய 308 பள்ளிகளில் 884 பேர் மீது 2,395 குற்றச்சாட்டுகள். இவை பெரும்பாலும் சபைகளின் சொந்தப் பதிவேடுகளில் இருந்தவை. இதில் 590 குற்றச்சாட்டுகள் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான 17 சிறப்புப் பள்ளிகளிலிருந்து மட்டும். வாய்பேச முடியாத குழந்தை யாரிடம் புகார் கொடுத்திருக்கும் என்று இழப்பீட்டுத் திட்டம் எழுதிய அதிகாரி யோசித்திருப்பாரா? குற்றம் சாட்டப்பட்டவர்களில் பாதிக்கு மேல் இறந்துவிட்டார்கள்.

இறந்தவரை வைத்து என்ன செய்ய, இத்தனை வருடம் கழித்து எதற்கு என்ற கேள்வி எந்த நாட்டிலும் எழும். நம் ஊரிலும் எழுந்தது. 2021 மே மாதம் சென்னையில் முன்னாள் மாணவிகள் சமூக வலைதளத்தில் எழுதப் போய், ஒரு பிரபல பள்ளியின் ஆசிரியர் போக்சோவில் கைதானபோது, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டவர்கள் குறைவில்லை. அந்தப் பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், வகுப்பில் இன்னும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் பெரிய பிள்ளைகள் வாய் திறந்தார்கள். போக்சோ சட்டம் 2012இல் வந்தது. குற்றம் தெரிந்தும் தகவல் சொல்லாத பள்ளித் தலைமைக்கு அதில் தண்டனை உண்டு. அதற்கு முந்தைய காலத்துக்கு அது செல்லாது. 1985இல் ஒரு மாணவியிடம் ஆசிரியர் அத்துமீறியிருந்தால், அன்றைய சட்டத்தில் அது இரண்டு வருடம் வரை தண்டனைக்குரிய குற்றம். நீதிமன்றம் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டால் ஒழிய, மூன்று வருடத்தில் காலாவதி. பதினோரு வயதில் நடந்தது பதினான்கு வயதில் செல்லாமல் போய்விடும். தமிழ்நாட்டின் பழைய மாணவர்கள் யாராவது ஒரு நாள் இந்தக் கணக்கைக் கேட்கக் கிளம்பினால், அவர்கள் முன்னால் நிற்கப்போகும் சுவர் அயர்லாந்தின் சுவரைவிடக் குட்டையானது இல்லை.

அயர்லாந்தில் இப்போது இன்னொரு விசாரணை ஆணையம் வந்திருக்கிறது. 2025இல் நீதிபதி மைக்கேல் மெக்ரா அதன் தலைவராக அறிவிக்கப்பட்டார். சபைகளின் பள்ளிகள் மட்டும் என்றில்லாமல் எல்லாப் பள்ளிகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. ஐந்து வருடம் அவகாசம். அதே நேரத்தில், இப்போதைக்கு அரசு இழப்பீட்டுத் திட்டம் எதையும் தொடங்கப்போவதில்லை என்றும் அறிவிப்பு வந்தது. சபைகள் தங்கள் பங்கை முதலில் வைக்கட்டும் என்கிறது அரசு. முன்னாள் மாணவர்களில் பலருக்கு அறுபது, எழுபது வயது. மார்க் ரயன் 2023இல் இறந்துவிட்டார்.

புதிய ஆணையம் சாட்சிக்கூண்டில் முன்னாள் மாணவர்களை ஏற்றுவதற்கு முன், ஒரு காரியம் செய்யலாம். கல்வித்துறையின் ஆசிரியர் சம்பளப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கட்டும். டண்டரோவில் நடந்ததுபோல, ஆண்டின் நடுவில் காரணம் சொல்லாமல் ராஜினாமா செய்து, வேறொரு பள்ளியில் திரும்பவும் சம்பளம் வாங்கத் தொடங்கிய பெயர்களைப் பிரித்தெடுக்கட்டும். அந்தப் பட்டியலைத் தயாரிக்க எந்த மாணவரின் நினைவும் தேவையில்லை. காசு கொடுத்தவன் கணக்கு வைத்திருப்பான்.